ஆற்றங்கரையில் தொழிற்சாலை: கடைக்கால் தோண்டும் முன்

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் அடிக்கடி வரும் தலைப்பு ஒன்று உண்டு: ‘நமக்குத் தேவை தொழிற்சாலையா, ஆறா?’ நீங்களும் அதில் பேசியிருக்கலாம். தொழிற்சாலைக் கட்சிக்காரர் வேலைவாய்ப்பு, ஏற்றுமதி, நாட்டு வளர்ச்சி என்று அடுக்குவார். ஆற்றுக் கட்சிக்காரர் குடிநீர், வயல், மீன் என்று உருக்கமாகப் பேசுவார். இருவருக்கும் கைதட்டல் கிடைக்கும். மணி அடிக்கும். ‘இரண்டும் வேண்டும்’ என்று தீர்ப்பளித்துவிட்டு நடுவர் பரிசு வழங்கப் போய்விடுவார்.

இரண்டும் வேண்டும் என்பது சரிதான். ஆனால் அந்த இடத்தில் நிறுத்தினால் அது விடையே ஆகாது. ஆறும் ஆலையும் ஒரே ஊரில் இருக்க வேண்டுமானால் யார் எங்கே விலகி நிற்பது? எதை எப்போது தீர்மானிப்பது? நான் நடுவராக இருந்தால் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் தலைப்பாகக் கொடுப்பேன். என் கட்சி எது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில் கட்டப்படும் ஆலை ஆற்றுக்கு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதில் பெரும்பகுதி, அதன் வரைபடம் மேசைமேல் விரிக்கப்படும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சுவர் எழுந்த பிறகு செய்யப்படும் திருத்தங்களுக்குச் செலவு அதிகம், பலன் குறைவு.

இதற்குச் சாட்சி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோவைக்காரர்களுக்கும் திருப்பூர்க்காரர்களுக்கும் வீட்டு வாசலிலேயே சாட்சி இருக்கிறது. அதன் பெயர் நொய்யல்.

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, பேரூர், கோயம்புத்தூர், சூலூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேர்கிறது இந்த ஆறு. கங்கையைப் போல ஆண்டு முழுவதும் ஓடும் ஆறல்ல. மலையில் மழை பெய்தால் பெருகும். மற்ற மாதங்களில் மணல்தான் தெரியும். அதனால்தான் நம் முன்னோர் வழியெங்கும் சிறு அணைக்கட்டுகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, வந்த நீரைக் குளங்களில் பிடித்து வைத்தார்கள். கோவை உக்கடம் பெரியகுளமும் குறிச்சிக் குளமும் சிங்காநல்லூர்க் குளமும் சூலூர்க் குளமும் அந்த ஏற்பாட்டின் பகுதிகளே. எப்போதாவது வரும் நீரை நம்பி வாழ்ந்தவர்கள் இவ்வளவு கணக்காக இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்தவர்கள் அவ்வளவு கணக்குப் பார்க்கவில்லை.

1980-களில் திருப்பூரின் பின்னலாடைகள் வெளிநாடுகளுக்குப் பெருமளவில் செல்லத் தொடங்கின. பனியன் துணியை வெளுக்கவும் சாயமேற்றவும் வேண்டுமே! சலவைப் பட்டறைகளும் சாயச்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. எங்கே? ஆற்றின் கரையிலும், ஆற்றில் வந்து சேரும் ஓடைகளின் கரையிலும்தான். (கொங்கு நாட்டில் ஓடைக்குப் ‘பள்ளம்’ என்று பெயர், தண்ணீர் தானாகவே தேடிப் போகும் இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.) கிணற்றில் நீர் எடுக்க வசதி, பின்பக்கம் கழிவை விட வசதி. இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு இவை இரண்டுமே தெரிந்தன. மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது உப்பு.

சாயத்துக்கும் உப்புக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். பருத்தி இழை நீரில் நனையும்போது அதன் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் கொள்கிறது. பருத்திக்கு இப்போது பெரிதும் பயன்படும் வினைபுரி சாயங்களும் நீரில் கரைந்ததும் எதிர் மின்னேற்றமே கொள்கின்றன. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று இயற்பியல் வகுப்பில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதேதான். சாயம் துணியை நெருங்க மறுக்கிறது. தொட்டியில் உப்பைக் கொட்டினால், சோடியம் அயனிகள் இடையே புகுந்து இந்த விலக்கலைத் தணிக்கின்றன. சாயம் இழையில் ஏறுகிறது. அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புப் போட வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் உப்பு எங்கே போகிறது? துணியில் ஏறுவதில்லை. ஆவியாவதும் இல்லை. போட்ட உப்பு அனைத்தும் கழிவு நீரோடு வெளியே வந்துவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 1000 கிலோ துணிக்குச் சாயமேற்றும் பட்டறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிலோவுக்கு 10 லிட்டர் சாய நீர், லிட்டருக்கு 50 கிராம் உப்பு. அப்படியானால் நாளுக்கு 500 கிலோ உப்பு. 50 கிலோ மூட்டையாகப் பத்து மூட்டை! குடிநீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நம் பத்து மூட்டை உப்பை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய எவ்வளவு நல்ல தண்ணீர் வேண்டும்? 10 இலட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் நூறு. அதுவும் ஒரே நாளைக்கு, ஒரே பட்டறைக்கு. பல மாதம் மணலாகக் கிடக்கும் நொய்யல் இந்த நூறு லாரித் தண்ணீருக்கு எங்கே போகும்? திருப்பூரில் இருந்தவையோ 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைச் சாலைகள்.

‘சுத்திகரிப்பு நிலையம் வைத்தால் போயிற்று’ என்று தோன்றலாம். வைத்தார்கள். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டால் நிறத்தின் பெரும்பகுதி சேறாகப் படிந்துவிடும். நுண்ணுயிர்களை வளர்த்துக் காற்றூட்டினால் கரிமக் கழிவுகள் சிதைந்துவிடும். வெளியே வரும் நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். ஆனால் உப்பு அப்படியே இருக்கும். உப்பு மட்காது, படியாது, எந்த நுண்ணுயிருக்கும் அது உணவும் அல்ல.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தம்ளர் நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பும் ஒரு பிடி செம்மண்ணும் போட்டுக் கலக்குங்கள். படிகாரத் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் நீரைத் துணியிலும் மணலிலும் வடிகட்டுங்கள். கண்ணாடி போலத் தெளிந்த நீர் கிடைக்கும். அதில் ஒரு கரண்டியை எடுத்துக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். மாலையில் தட்டில் வெள்ளை வளையம் இருக்கும். மண் போன இடம் தெரிகிறது. உப்பு எங்கேயும் போகவில்லை.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் அந்த வெள்ளை வளையத்தை ஓர் அணையின் அளவில் பார்க்க நேர்ந்தது. விவசாயத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992-இல் அங்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. மேலிருந்து வந்ததோ சாயக்கழிவு. அணை அதைத் தேக்கி வைத்தது. தேங்கிய நீர் சுற்று வட்டாரக் கிணறுகளில் இறங்கியது. சில ஆண்டுகளிலேயே, ‘தயவுசெய்து அணையைத் திறக்காதீர்கள்’ என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீர் விடச் சொல்லிப் போராடும் விவசாயிகளை நாம் அறிவோம். விடவேண்டாம் என்று போராடியவர்களைக் கேள்விப்பட்டதுண்டா?

கொங்கு நாட்டின் அடியில் இருப்பது கடினப் பாறை. நிலத்தடி நீர் அந்தப் பாறையின் வெடிப்புகளிலும், அதன்மேல் சிதைந்து கிடக்கும் மெல்லிய அடுக்கிலும்தான் தங்குகிறது. மணற்பாங்கான ஆற்றுச் சமவெளிகளில் இருப்பதுபோல் இங்கே நிலத்தடியில் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. வெடிப்புகளில் உப்பு நுழைந்துவிட்டால் ஒன்றிரண்டு மழையில் கழுவிப் போய்விடாது. ஓர் ஆலை இன்று மூடினாலும் அதன் உப்பு பல ஆண்டு அந்தத் தோட்டத்துக் கிணற்றில் இருக்கும்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிறைவேறவில்லை என்றதும் 2011 ஜனவரியில் சாயச்சாலைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரே நாளில் ஊரின் பிழைப்பு நின்றது. சாயத் தொட்டியருகே நின்ற தொழிலாளிக்கு வேலை இல்லை. துணி மடித்தவருக்கும் பெட்டி கட்டியவருக்கும் வேலை இல்லை. தன் கிணறு கெட்ட விவசாயி ஒருபுறம், தன் பிழைப்புப் போன தொழிலாளி மறுபுறம். பட்டறையின் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் இந்த இருவரில் எவருமில்லை.

பிறகுதான் எதிர்ச் சவ்வூடு பரவல் முறை பரவலாக வந்தது. மிக நுண்ணிய சவ்வு ஒன்றின் வழியே கழிவு நீரை அழுத்தித் தள்ளினால் நல்ல நீர் ஒருபுறம் வரும். உப்பு மிகுந்த நீர் மறுபுறம் தங்கும். அந்த உப்பு நீரைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்கிறார்கள். நீரும் உப்பும் மறுபடி சாயத் தொட்டிக்கே போகின்றன. இது பாராட்டத்தக்க சாதனைதான். உலகில் வேறு பல சாய நகரங்கள் இன்னும் இதைச் செய்யவில்லை. ஆனால் இதன் விலையையும் பாருங்கள். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் போதும். அதை முழுவதும் ஆவியாக்க மேலும் 2260 கிலோஜூல் வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு! ஒரு கலத்தின் ஆவியைக் கொண்டு அடுத்த கலத்தைக் காய்ச்சும் அடுக்குக் கொப்பரைகளால் இதைக் குறைக்கலாம். இருந்தாலும் விறகோ நிலக்கரியோ எரிந்தாக வேண்டும். நீரில் கலக்க வேண்டிய கெடுதலில் ஒரு பங்கு புகைபோக்கி வழியே மேலே போகிறது. ஏற்கெனவே கட்டி முடித்த நெருக்கமான பட்டறைகளில் இந்தக் கொப்பரைகளுக்கு இடம் தேடுவதே பெரும்பாடு. சிறு முதலாளிகள் பலர் கடனில் மூழ்கினர்.

முதல் நாளிலேயே இவற்றைத் தீர்மானித்திருந்தால் என்னவாகியிருக்கும்? இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோ துணிக்கு 10 லிட்டருக்குப் பதில் 5 லிட்டரில் சாயமேற்றும் இயந்திரம் வாங்கினால், லிட்டருக்கு அதே 50 கிராம் உப்பு என்றாலும் மொத்த உப்பு பாதியாகிவிடுகிறது. ஐந்து மூட்டை உப்பு தொழிற்சாலைக்குள் வரவே இல்லை. வராத உப்பைப் பிரித்தெடுக்கச் சவ்வும் வேண்டாம், கொப்பரையும் வேண்டாம். ஆனால் எந்த இயந்திரம் என்பதைக் கட்டடத்தின் நீள அகலத்தோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது இடம். நாம் பேச வந்த விஷயத்தின் நடு நரம்பே இதுதான். ஆற்றங்கரையில்தான் ஆலை இருக்க வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் காரணம் தண்ணீர். சரி, திருப்பூரில் என்ன நடந்தது? கிணறுகள் உவர்த்த பிறகு, சுற்றுக் கிராமங்களிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கினார்கள். அதுவும் போதாமல், ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் பெரிய திட்டம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவேறியது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டருக்கும் மேல் கொண்டுவரத் திட்டமிடப்பட்ட குழாய் அது. நொய்யல் கரையில் உட்கார்ந்துகொண்டு காவிரித் தண்ணீரைக் குழாயில் வாங்கும் ஆலைக்கு ஆற்றங்கரை எதற்கு? தண்ணீருக்காக என்று இனிச் சொல்ல முடியாது. மிஞ்சுவது பின்பக்க வசதி ஒன்றுதான்.

ஆலை கரையிலிருந்து விலகி நிற்கட்டும் என்ற எண்ணம் அரசுக்கும் தோன்றாமல் இல்லை. மிகுந்த மாசு தரும் தொழில்களை ஆறு, குளங்களிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தொடங்கக்கூடாது என்று 1989-இல் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் இந்தத் தொலைவு 1998-இல் ஐந்து கிலோமீட்டராக்கப்பட்டது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் 1988-இல் திருத்தப்பட்டது. அதன்படி, கழிவுக் குழாய் வைப்பதற்கு மட்டுமல்லாமல், தொழிற்சாலையை நிறுவத் தொடங்குவதற்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் இசைவு வேண்டும். சட்டமே கடைக்காலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது, பார்த்தீர்களா? நொய்யலைப் பொறுத்தவரை இந்த ஆணைகள் சற்றுத் தாமதமாக வந்தன. கரையில் ஏற்கெனவே எத்தனையோ சுவர்கள் எழுந்துவிட்டிருந்தன.

தொலைவு மட்டும் போதுமா என்றால், போதாது. பெருந்துறைத் தொழிற்பேட்டை ஆற்றங்கரையில் இல்லை. அங்கும் கிணற்று நீர் கெட்டதென்று சுற்றுக் கிராமத்தார் பல ஆண்டுகளாகப் புகார் கூறி வருகிறார்கள். பாறை வெடிப்பு வழியே போகும் நீருக்கு நில அளவைக் கல் தெரியாது. ஆகவே எவ்வளவு தூரம் என்பதோடு, அந்த நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது, சரிவு எந்தப் பக்கம், எந்தப் பள்ளம் எந்த ஆற்றுக்குப் போகிறது என்பதையும் பார்த்துத்தான் இடம் குறிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிஞர் வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் அந்தக் காட்டில் குடை பிடித்து நின்றால் போதும். தண்ணீர் போகும் வழி தானே தெரியும். வரைபடக்காரர்களில் எத்தனை பேர் அப்படி நின்றிருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கட்டும் வேலையே ஆற்றுக்குச் செய்யும் தீங்கு ஒன்று உண்டு. அதை யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அது ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. புல்லையும் மரத்தையும் அகற்றி நிலத்தைத் தோண்டிப் போட்டபின் ஒரு பெருமழை பெய்தால், மண் கரைந்து ஆற்றில் இறங்கும். கலங்கலில் ஒளி புகாது. பாசியும் நீர்த்தாவரமும் வளராது. மீன் முட்டைகள் சேற்றில் மூடிப்போகும். குட்டை வெட்டி அதில் தெளிய விடலாம். ஆனால் எவ்வளவு நேரம் தெளிய விடுவது? இங்கே ஓர் அருமையான விதி இருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் அசையாத நீரில் 10 சென்டிமீட்டர் இறங்கச் சுமார் 11 வினாடி போதும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டல் துகளுக்கு ஏறத்தாழ 18 நிமிடம். மேலும் பத்தில் ஒரு பங்கான களிமண் துகளுக்கு 30 மணி நேரம்! பருமன் பத்து மடங்கு குறைய, நேரம் நூறு மடங்கு கூடுகிறது. ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி கண்ட விதி இது. ஒரு பாட்டிலில் உங்கள் ஊர் மண்ணைப் போட்டுக் குலுக்கி வைத்து நேரம் பார்த்தால், கரிசல் மண்ணும் செம்மண்ணும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது புரியும்.

கரிசல் காட்டில் கட்டுகிறவர் குட்டையை மட்டும் நம்பக் கூடாது என்று இதிலிருந்து தெரிகிறது. மண்ணைக் கரையவிடாமலே பார்த்துக்கொள்ள வேண்டும். மழை குறைந்த தை முதல் பங்குனி வரையில் தோண்டும் வேலையை முடிக்கலாம். ஒரே மூச்சில் முழு நிலத்தையும் உரித்துப் போடாமல், வேலை நடக்கும் பகுதியை மட்டும் திறக்கலாம். மேல்மண்ணைத் தனியே குவித்து மூடி வைத்துப் பிறகு பரப்பலாம். சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போடலாம். நம் விவசாயிகளுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலை. கரையிலுள்ள நீர்மருதையும் புங்கனையும் தொடவே கூடாது. அவற்றின் வேர்தான் கரையைப் பிடித்திருக்கிறது. நூறு ஆண்டு மருதமரத்தை வெட்டிவிட்டு, திறப்பு விழா அன்று ஒரு கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

வடிகால் பற்றியும் ஒரு வார்த்தை. மழை நீருக்கு ஒரு வாய்க்கால், ஆலைக் கழிவுக்கு ஒரு வாய்க்கால் என்று தனித்தனியே இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் பெருமழையில் சுத்திகரிப்புத் தொட்டி நிரம்பி வழியும். கழிவும் மழையோடு மழையாக ஆற்றுக்குப் போய்விடும். வரைபடத்தில் இது இன்னொரு கோடு, அவ்வளவுதான். தளம் போட்ட பிறகோ தரையையே உடைக்க வேண்டும்.

வரைபடத்தில் விட்டுப்போன ஒரு குழி என்ன செய்யும் என்பதை ஐரோப்பா 1986-இல் கண்டது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் பாசெல் நகருக்கு அருகே, ரைன் ஆற்றங்கரையில் இருந்த சாண்டோஸ் நிறுவனத்தின் இரசாயனக் கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சித் தீயை அணைத்தார்கள். அது அவர்கள் கடமை. ஆனால் பூச்சிக்கொல்லிகளைக் கரைத்துக்கொண்டு ஓடிய அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டி இல்லை. அது நேராக ரைனில் இறங்கியது. கிடங்கிலிருந்த சாயத்தால் ஆறு சிவந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. சுவிட்சர்லாந்தில் அறிஞருக்கும் பணத்துக்கும் பஞ்சமில்லை. தொட்டிதான் இல்லை. அதன்பிறகுதான் ரைன் கரை ஆலைகளில் தீயணைப்பு நீரைத் தேக்கும் தொட்டிகள் கட்டாயத் தேவையாகக் கருதப்பட்டன.

நமக்கும் பெரிய ஆலை ஆற்றங்கரையில் நின்ற அனுபவம் உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில், பவானிசாகர் அணைக்கு மேலே, மரக்கூழிலிருந்து செயற்கைப் பட்டு இழை செய்யும் ஆலை இயங்கியது. பவானி கெடுகிறதென்று ஆண்டுக்கணக்கில் போராட்டங்களும் வழக்குகளும் நடந்தன. ஆலை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இலட்சக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் தரும் அணைக்கு மேற்புறம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த நாளில், அணைக்குக் கீழே இருந்தவர்களை யாராவது கேட்டார்களா? அந்த நாளில் கேட்க வேண்டும் என்ற சட்டம் இல்லை.

இன்று இருக்கிறது. எல்லா ஆலைக்கும் அல்ல. சிறு சாயச்சாலைக்கு வாரியத்தின் இசைவு போதும். ஆனால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, செயற்கை இழை ஆலை போன்ற பல பெருந்திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரும். திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் போய்ப் பார்க்கலாம். அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் இரண்டு குரல்களே கேட்கும்: ‘ஆலை வரட்டும்’, ‘ஆலை வேண்டாம்’. நம் பேச்சுப் போட்டியேதான், மணி மட்டும் இல்லை!

அடுத்த முறை உங்கள் பகுதியில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், அப்பாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுருக்கத்தைப் படியுங்கள். நாளுக்கு எத்தனை மூட்டை உப்பு உள்ளே வருகிறது, எத்தனை மூட்டை வெளியே போகிறது என்று எழுதியிருக்கிறதா? மழை வாய்க்காலும் கழிவு வாய்க்காலும் தனித்தனிக் கோடுகளா? தோண்டும் வேலை எந்த மாதத்தில் தொடங்குகிறது? தீப்பிடித்தால் அணைக்கும் நீர் எந்தத் தொட்டிக்குப் போகும்? இவ்வளவுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். வரைபடத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு, ஆறு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சில வரைபடங்களில் அது தாளுக்கு வெளியே இருக்கும்.